ஏழுபனை மைதானத்தில் குறைந்த ஒரு மிதிவெடி

ஏழுபனை விளையாட்டுக் கழகத்தின் மலருக்கு, கழகத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி இப்போதைய செயலாளர் கேட்டார். நான் ஒருநாளும் பந்து உதைத்தவள் இல்லையே என்றேன். “மைதானத்தை எங்களுக்குத் தந்தது நீங்கள்தானே அக்கா” என்றார். அது சரியில்லை. மைதானத்தை ஐந்து வாரம் தராமல் பிடித்து வைத்திருந்தவள் நான். அதைத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் மலர்க் குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிலோமினா, ஊர் மன்னார்த் தீவில் பேசாலை. கணவர் கடலில் இடுப்பு அடிபட்டு வீட்டோடு இருந்த வருடம், மிதிவெடி அகற்றும் வேலைக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஒரு மாதம் பயிற்சி. வேலை முழங்காலில் நின்று செய்யும் வேலை. பாரமான கவச அங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி மறைப்பு. எங்கள் பக்கத்தில் புதைத்திருந்தவை பெரும்பாலும் உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் வெடிகள். இரும்பு தேடும் கருவிக்கு அவை சரியாக அகப்படா. ஆகவே றேக் என்று நாங்கள் சொல்லும் இரும்பு வாரியால், ஒரு மீற்றர் அகலமான பாதையை ஒரு சாண் ஆழத்துக்கு வாரி வாரி முன்னேற வேண்டும். மேலிருந்து கொத்தக் கூடாது. மண்ணைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் வெடியின் தலை தெரிய முதல் அதன் விலா தெரியும். நல்ல மண் என்றால் ஒருத்தி ஒரு நாளில் ஒரு சின்ன அறையளவு நிலம் முடிப்பாள். முடித்த இடத்தில் வெள்ளைத் தலைக் கட்டை. முடியாத இடத்தில் சிவப்புத் தலைக் கட்டை. அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில்தான் பதின்மூன்று வருடம் சீவித்தேன். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு விட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் தவராசா சேர். முன்பு நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவர். மெலிந்த, உயரமான மனிதர். ஓடியோ, உரத்துக் கதைத்தோ நான் கண்டதில்லை. “முடிஞ்சுதா?” என்று யாரிடமும் கேட்க மாட்டார். “காட்டுங்கோ” என்பார். முடிந்தது என்று வாயால் சொல்வதை அவர் ஏற்றுக்கொள்வதே இல்லை. நான் முதன்முதலில் ஒரு மிதிவெடியின் விலாவைக் கண்டபோது கை நடுங்கி றேக் தட்டுப்பட்டுவிடுமோ என்று உறைந்து போனேன். அவர் தன் வழக்கமான நடையில் வந்து பின்னால் நின்றார்.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“பாணும் சம்பலும் சேர்.”

“சம்பல் உறைப்போ?”

“ஓம் சேர்.”

“சரி. இப்ப றேக்கைப் பக்கத்தில வையுங்கோ. மெல்லமா எழும்பிப் பின்னால வாங்கோ.”

சம்பலைப் பற்றிச் சொல்லி முடித்தபோது என் நடுக்கம் நின்றிருந்தது. அவர் அப்படித்தான்.

ஏழுபனை வேலை எங்களுக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. வெள்ளாங்குளத்துக்கு இந்தப் பக்கம், கடலுக்குக் கிட்ட உள்ள சின்னக் கிராமம். சனத்தில் பாதிப்பேர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள். மற்றவர்கள் உள்ளுக்குள்ளேயே இடம்பெயர்ந்து அலைந்து வந்தவர்கள். வீடுகளும் வாசிகசாலையும் எழும்ப முதலே அங்கே ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரூபன். இருபத்திமூன்று வயது. முகாமில் பிறந்து வளர்ந்து, தாயோடு அப்போதுதான் ஊர் கண்டவன். அணித் தலைவனும் கோல் காப்பாளனும் அவன்தான். மற்றவர் றிஸ்வான். விடத்தல்தீவுக்காரர், மீன் ஏற்றும் கூலர் லொறி ஓட்டுபவர். கழகத்தின் செயலாளர். தன் ஊரில் அணி சேரப் போதிய ஆட்கள் திரும்பி வரவில்லை என்று இங்கே வந்து சேர்ந்தவர். லொறி இல்லாத நாளில் பின்கள ஆட்டக்காரர்.

அவர்கள் அப்போது விளையாடியது உப்புப் பூத்த தரவையில். வெறுங்காலில் ஓடிக் குதிகால் வெடித்திருக்கும். ஏழு பனைகளுக்கு முன்னால் இருந்த பொதுக் காணிதான் அவர்களுடைய மைதானமாக வரப்போகும் இடம். அதன் குறுக்கே ஒரு மிதிவெடி வரிசை போயிருந்தது. பின்னேரத்தில் எங்கள் வேலை முடியும் நேரம் பார்த்து அணி முழுவதும் வந்து எல்லைக் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நிற்கும். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு வெள்ளைக் கட்டை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சொந்த மைதானம் காட்டினால்தான் லீக்கில் பதியலாம் என்பதால் அவர்களுக்கு அவசரம். றிஸ்வான் அரிப்பு என்ற ஊரில் ஒரு அணியோடு பேசி முதல் ஆட்டத்துக்கு நாளும் குறித்துவிட்டார். மேலிடத்துக்கு நாங்கள் கொடுத்திருந்த முடிவு நாளுக்கு ஒரு வாரம் பிந்தி அவர் நாள் வைத்தார். அவரில் பிழை இல்லை.

அந்த வரிசை ஒழுங்காகப் புதைக்கப்பட்ட வரிசை. என் காலால் இரண்டு எட்டு வைத்தால் அடுத்த வெடி. தொடக்கத்திலிருந்து இருபத்திரண்டு எடுத்தோம். ஒன்றுகூட இடம் மாறவில்லை. இருபத்திமூன்றாவது இடம் வடக்குக் கோல் கம்பம் வரவேண்டிய இடத்துக்கு நாலைந்து எட்டு முன்னால். அந்தப் பாதை என்னுடையது. அது முடிந்தது என்று கையெழுத்து வைக்க வேண்டியவளும் நான்தான். வாரினேன். மண். இன்னும் வாரினேன். மண்தான். இருபத்திநாலும் இருபத்தைந்தும் தங்கள் இடத்தில் இருந்தன. அதோடு வரிசை முடிந்தது.

தவராசா சேர் வந்து குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

“இதில ஒண்டு இருந்திருக்க வேணும்.”

“வெள்ளம் கொண்டு போயிருக்குமோ சேர்?”

“போயிருக்கும். இல்லாட்டி வைச்சவன் இதில வைக்காமல் விட்டிருப்பான். இல்லாட்டி...”

அவர் முடிக்கவில்லை. முடிக்காத அந்த மூன்றாவது என்ன என்று எனக்குத் தெரியும். பிலோமினா அதை வாரியோடு சேர்த்து இழுத்துத் தன் மண் குவியலுக்குள் போட்டுவிட்டாள். அல்லது அது இன்னும் அங்கேயே இருக்க, அதன் மேலால் போய்விட்டாள்.

வரிசையில் ஒன்று குறைந்தால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. குறைந்த இடத்தைச் சுற்றி வழமையை விட இரண்டு மடங்கு ஆழமாகவும், பல மடங்கு அகலமாகவும் வார வேண்டும். வாரிய மண்ணையும் திரும்ப அரிக்க வேண்டும். வெள்ளம் ஓடிய பக்கம் நீளமாகப் போக வேண்டும். சேர் அளந்து, சிவப்புக் கட்டைகளைத் திரும்ப நட்டார். முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்திருந்த நிலத்தின் நடுவில் மறுபடியும் சிவப்பு.

அன்று பின்னேரம் றிஸ்வான் கயிற்றுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, இருபத்திநாலு எடுத்திட்டியள் எண்டு சொல்லுறாங்கள். ஒண்டுக்காகவா எங்கட மட்ச்சை விடுறது?”

“அந்த ஒண்டு ஆரின்ர காலுக்கு எண்டு நீங்கள் சொல்லுங்கோ தம்பி. நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

பக்கத்தில் நின்ற ரூபன் கேட்டான்.

“ஒண்ணு வைக்காமலே விட்டிருக்கலாம்லக்கா?”

அவனுடைய பேச்சில் முகாமின் தமிழ் போகவில்லை. அவசரத்தில் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன். “இருக்கலாம்” என்றேன். “ஆனால் ‘இருக்கலாம்’ எண்டதில ஓடி விளையாடேலாது.”

பிறகு மூன்று வாரம் அதே இடத்தைச் சுற்றி வாரினேன். வழமையாக வெடி இருக்கும் என்ற பயத்தில் வாருவோம். இப்போது வெடி இல்லாமல் போகுமோ என்ற பயத்தில் வாரினேன். மண் குவியலை விரலால் கிளறினேன். ஒரு போத்தல் மூடி, ஒரு சங்கு, துருப்பிடித்த ஆணி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு எட்டாகத் திரும்ப நடந்து பார்ப்பேன். இருபத்திரண்டாவதை எடுத்த அன்று பத்து நிமிட ஓய்வுக்கு எழும்பினேன், திரும்ப வந்து குந்திய இடம் அதே இடம்தானா? கட்டையை நான் சரியாக நகர்த்தினேனா? கணவர் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு “எங்க நிக்கிறாய்?” என்று கேட்பார். ஒரு நாள் தாங்க முடியாமல் சேரிடம் போய், என்னை அந்தப் பாதையிலிருந்து மாற்றும்படி கேட்டேன்.

“ஏன்?”

“நான்தான் விட்டிருப்பன் எண்டு நினைக்கிறன் சேர்.”

“அப்பிடியெண்டா நீங்கள்தான் தேட வேணும்” என்றார். “விடேல்லை எண்டு நினைக்கிற ஆள் வடிவாத் தேடாது.”

குறித்த நாள் வந்தது. ஆட்டம் நடக்கவில்லை. அரிப்பு அணிக்கு றிஸ்வான் போய் மன்னிப்புக் கேட்டு இன்னொரு நாள் வாங்கி வந்தார் என்று பிறகு அறிந்தேன். கயிற்றுக்கு வெளியே வருகிறவர்கள் குறைந்தார்கள். ரூபன் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்தான். நிற்காமல், குந்தியிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். ரூபன் ஓடி வருகிறான். முந்தின நாள் பார்த்த அதே சேட்டு, கால்களில் செருப்பில்லை. எங்கள் கூடாரத்துக்கு முன்னால் வந்து சேரின் காலடியில் விழாத குறையாக நின்றான்.

“சார், அது மண்ணுல இல்ல சார். நான்தான் எடுத்தேன். தெரியாம பண்ணிட்டேன் சார்.”

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதை இப்படி விளங்கிக்கொண்டோம். ஊருக்கு வந்த முதல் கிழமை, நாங்கள் வர முந்தியே, மைதானத்துக்கு இடம் சரிவருமா என்று பார்க்கப் பற்றைக்குள் போயிருக்கிறான். மழை கழுவி ஒன்று வெளியே தெரிந்திருக்கிறது. கையால் எடுத்திருக்கிறான். சொன்னால் விசாரணை வரும், இன்னும் பதிவு முடியாத தன் குடும்பத்தைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள், ஊரையே மூடிவிடுவார்கள் என்று பயம். ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் மணலைப் போட்டு, அதை வைத்து, மூடிக் கம்பியால் சுற்றி, ஆளில்லாத ஒரு வளவின் பாழ் கிணற்றில் இறக்கிவிட்டான்.

“அந்த வீட்டுக்காரங்க வந்துட்டாங்க சார். இன்னிக்குக் காலைல கிணறு இறைக்கிறாங்கன்னு றிஸ்வான் சொன்னாரு.”

“வீட்டைக் காட்டுங்கோ” என்றார் சேர்.

வாகனத்தில் ஐந்து நிமிடம். வளவுக்குள் போனபோது கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓய்ந்து கிடந்தது. சேறு அள்ளி முடிந்து, இரண்டு ஆண்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். குசினி வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா குந்தியிருந்தார். மடியில் ரின். சேறு போகக் கழுவியிருந்தார். குறட்டால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மிக் குழவி. ரின்னின் ஒரு பக்கம் நசிந்திருந்ததிலிருந்து, குழவியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குறட்டுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

எனக்குக் கத்த வேண்டும் போல வந்தது. சேர் என் கையை ஒரு விரலால் தொட்டார். அவ்வளவுதான். ரூபனைப் படலையடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தன் வழக்கமான நடையில் முற்றத்தைக் கடந்து போனார்.

“வணக்கம் அம்மா. வெயில் கொளுத்துது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களே?”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ரின்னை அணைத்துக்கொண்டு யோசித்தார்.

“கிணத்துத் தண்ணி கலங்கிப் போச்சு தம்பி. பானையில இருக்கிறது பழசு.”

“பழசு பறவாயில்லை. பானைத் தண்ணிதான் குளிர்.”

அவர் குறட்டைக் கீழே போட்டார். ரின்னை இரண்டு கையாலும் தூக்கி, ஏதோ விலைமதிப்பான பொருளை வைப்பதுபோல மெல்ல நிலத்தில் வைத்தார். இன்றுவரை அந்த மெதுவுக்கு நன்றி சொல்கிறேன். எழும்பி உள்ளே போனார். சேர் ரின்னுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றார். கைகழுவிக்கொண்டிருந்தவர்களை நான் ஒவ்வொருவராக வெளியே அழைத்துப் போனேன். செம்போடு திரும்பி வந்த அம்மாவிடம் சேர் தண்ணீரை வாங்கி, முழுவதும் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“அம்மா, அது மிதிவெடி. பயப்பிடாதேங்கோ. என்னோட இந்தப் பக்கத்தால வாங்கோ.”

அவர் பயப்படவில்லை. முகம் அப்படியே உடைந்தது.

“அப்ப நகை இல்லையே?” என்றார். “பாரமாக் கிடந்தது. மாமி ஓடேக்க தாட்டுவைச்ச நகையெண்டு... மகளுக்கு...”

படலைக்கு வெளியே கொண்டுவரும் வரை அழுதுகொண்டே வந்தார். படலையடியில் நின்ற ரூபன் அதைக் கேட்டான். வேலியில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டான்.

குசினி வாசலில் வைத்து வெடிக்க வைத்தால் அந்தக் கூரை போய்விடும். பின் வளவில் குழி வெட்டி, மண் மூட்டை அடுக்கினோம். தூக்கிக்கொண்டு போவது யார் என்ற பேச்சே வரவில்லை. சேர் அங்கியையும் முகமறைப்பையும் போட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் றோட்டுக்கு அனுப்பினார். வேலிக்கு மேலால் அவருடைய தலை மட்டும் தெரிந்தது. குசினியிலிருந்து குழி வரை அறுபது எட்டு. நான் எண்ணினேன். நாற்பத்தொன்றில் அவர் நின்றார். ஏன் நின்றார் என்று தெரியவில்லை. பிறகு நடந்தார். வெடித்த சத்தம் நான் எதிர்பார்த்ததை விடச் சின்னதாக இருந்தது. பானை உடைந்த மாதிரி.

அதன் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. ரூபனுக்கு முன்னால் போய் நின்றேன்.

“மூண்டு கிழமை நான் முழங்காலில நிண்டனான். நீ இருந்து பாத்துக்கொண்டிருந்தனீ.”

“நீங்க எங்கயாச்சும் இன்னொண்ணு கண்டுபிடிச்சிருவீங்க, கணக்குச் சரியாயிரும்னு நினைச்சேன்க்கா.”

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவன் முகத்தை மறைக்காமல் நின்றதால் அடிக்க முடியவில்லை. (இதை எழுதி முடித்து ரூபனிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தேன். “ஒண்டையும் வெட்டாதேங்கோ அக்கா” என்றான். பேச்சு இப்போது எங்கள் பேச்சாகிவிட்டது.)

சேர் அறிக்கையில் ‘ஊரவர் ஒருவர் தாமாக வந்து காட்டித் தந்தார்’ என்று எழுதினார். பெயர் எழுதவில்லை. சரியா பிழையா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேறு விடயம் இருந்தது. ரூபனைக் கூட்டிப் போய், எடுத்த இடத்தைக் கயிற்றுக்கு வெளியிலிருந்து காட்டச் சொன்னோம். அவன் காட்டியது இரண்டாவது பனைக்கு நேரே. நான் தேடிக்கொண்டிருந்த இடத்துக்குப் பத்து எட்டு அப்பால். அப்போது பற்றை, இப்போது வெறும் நிலம், சரியாக ஞாபகமில்லை என்றான். அவன் எடுத்தது இருபத்திமூன்றாவதா, அல்லது வெள்ளம் கொண்டுவந்த வேறொன்றா? மேலிடத்தில் ஒருவர், கணக்குச் சரிதானே, மூடுங்கள் என்றார். நான் சேரைப் பார்த்தேன்.

“கையெழுத்து உங்கட. உங்களுக்கு என்ன மனம் சொல்லுது?”

“மிச்சத்தையும் வாரி முடிக்க வேணும் சேர். பனையடியையும் சேர்த்து.”

“அப்ப முடியுங்கோ.”

மேலும் ஒன்றரை வாரம். இந்த முறை றிஸ்வான் தன் லொறியிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்து எங்கள் தண்ணீர்ப் பீப்பாவில் போட்டுவிட்டுப் போவார். ரூபன் அணித் தலைமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தான். கழகத்தார் கேட்டு எடுக்கவில்லை, அவனாகவே விட்டான். கிணற்று வீட்டு அம்மாவுக்கு ஒரு மாதம் விறகும் தண்ணீரும் சுமந்தான் என்று கேள்வி.

ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்து வைத்தேன். ஒப்படைக்கும் நாளில் எங்கள் வழக்கம், நிலத்தைத் துப்பரவாக்கியவர்களே ஊருக்கு முன்னால் முதலில் அதில் நடப்பது. ஒன்பது பேர் கைகோத்துக் கொண்டு தெற்கிலிருந்து வடக்கே நடந்தோம். சேர் நடுவில். கடைசி இருபது எட்டில் என் கை வியர்த்து வழுக்கியது. பக்கத்தில் வந்தவள் இறுக்கிப் பிடித்தாள்.

முதல் ஆட்டத்துக்கு அரிப்பு அணி இரண்டு வாரம் கழித்து வந்தது. எனக்கு அன்று விடுமுறை. ஆனாலும் போனேன். வீட்டில் இருந்திருந்தால் மணிக்கூட்டைப் பார்த்தே செத்திருப்பேன். முதற்பாதியில் ரூபன் தெற்குக் கோலில் நின்றான். எனக்குப் பயமில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி வடக்குக்கு வந்தான். அப்போதே நாங்கள் இரண்டு கோல் பின்னால். மூலையிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. நாலைந்து பேர் ஒன்றாக எழும்பினார்கள். ரூபன் முன்னால் பாய்ந்தான். எல்லோரும் விழுந்தார்கள். மற்றவர்கள் எழும்பினார்கள். அவன் எழும்பவில்லை. முகம் மண்ணுக்குள் கிடந்தது. அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. நடுவர் விசில் ஊதியது பிறகுதான் கேட்டது. நான் ரூபனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அவன் புரண்டு, வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். நெஞ்சுக்குள் பந்து.

“பிடிச்சிட்டேன்க்கா” என்றான்.

நடுவர் எனக்கு மேலே வந்து நின்றார். வெளியூர்க்காரர். முகம் சிவந்திருந்தது.

“ஆர் இந்த அம்மா? மைதானத்துக்குள்ள வரச் சொன்னது ஆர்?”

றிஸ்வான் ஓடி வந்து எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“எங்கட கழகம்தான் சேர்” என்றார். “கொஞ்சம் பொறுங்கோ, போயிடுவா.”

சேலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தேன். ஆட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கோல் வாங்கினோம்.